அறிவினாவும் ஐயவினாவும்: விஞ்ஞானப் பாடநூலின் உரைநடை பற்றிய சில குறிப்புகள்

விஞ்ஞான போதனை பற்றி எழுதுவதற்கு இலக்கிய விமர்சனத் துறையைச் சார்ந்த ஒருவருக்கு என்ன தகுதி உண்டு என்ற கேள்வி எழலாம். அது நியாயமான கேள்வியே. ஆயினும், தமிழில் மிகப் பெருந்தொகையானோர் வாசிக்கும் உரைநடை நாவலிலோ சிறுகதையிலோ இல்லை, பாடநூலிலேயே உள்ளது என்பதை நாம் இலகுவில் மறந்துவிடுகிறோம். ஒரு கவிதைத் தொகுதியின் சில நூறு பிரதிகள் தீர்வதற்கு ஆண்டுகள் செல்லும் சூழலிலே, விஞ்ஞானப் பாடநூலொன்று ஒரே தவணையிற் பல்லாயிரம் பிள்ளைகளின் கைகளைச் சென்றடைகிறது. அவர்கள் அதன் வாக்கியங்களை வாசித்தால் மட்டும் போதாது. மனத்தில் இருத்தி, கேட்கப்படும்போது அவ்வாறே திருப்பி ஒப்புவிக்கவும் வேண்டும். இத்துணை அதிகாரம் வாய்ந்த ஓர் உரைநடை வகையை விமர்சனத்துக்கு உரியதென நாம் கருதாது விட்டமை, இலக்கியம் என்பதை மிகக் குறுக்கி வரையறுத்துக்கொண்டதன் விளைவேயாகும்.

தேடல்வழிக் கற்றல் என இன்று வழங்கப்படும் முறை பற்றிக் கல்வியியலாளரிடையே கருத்து வேறுபாடு அதிகமில்லை எனலாம். பிள்ளை தானே ஒரு வினாவை எழுப்புதல், அவதானித்தல், சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு வழியை வகுத்தல், கிடைத்த பெறுபேற்றை ஏனையோருடன் வாதிட்டு ஒரு முடிபுக்கு வருதல் ஆகியன அதன் அடிப்படைகள். கலைத்திட்ட ஆவணங்கள் யாவும் இதனைப் போற்றுகின்றன. வகுப்பறையிலோ இது நிகழ்வதில்லை. ஆய்வுகூட வசதியின்மை, வகுப்பின் அளவு, ஆசிரியப் பயிற்சியின் போதாமை என்பன காரணங்களாகக் காட்டப்படுகின்றன. அவை உண்மையான காரணங்களே. ஆனால் வசதிமிக்க பாடசாலைகளிலும் இது நிகழாமைக்கு அவை விளக்கம் தருவதில்லை. வேறோர் இடத்திலும் இதன் தடையைத் தேடவேண்டியுள்ளது. அந்த இடம் பாடநூலின் வாக்கியம். குறிப்பாக, வினா வாக்கியம்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியதாகக் கருதப்படும் நன்னூலிலே பவணந்தி முனிவர் வினாவை ஆறாக வகுத்துள்ளார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. பாடசாலையில் இலக்கணம் கற்ற எவரும் இவற்றை ஒப்புவிப்பர். இவற்றுக்கு வழமையாகத் தரப்படும் விளக்கங்களே இங்கு நமது கவனத்துக்குரியவை. தான் அறிந்ததொன்றைப் பிறன் அறிவானோ எனப் பார்ப்பதற்குக் கேட்பது அறிவினா. அதற்கு எடுத்துக்காட்டு ஆசிரியர் மாணவனிடம் கேட்பது. அறியாததை அறியக் கேட்பது அறியாவினா; மாணவன் ஆசிரியரிடம் கேட்பது அதற்கு எடுத்துக்காட்டு. இவ்விரு எடுத்துக்காட்டுகளிலும் ஒரு சமூக உறவு உறைந்து கிடக்கிறது. அறிவு ஒருவரிடம் முழுமையாக உள்ளது, மற்றவரிடம் இல்லை. வினாவின் திசை மாறினாலும் அறிவின் உடைமை மாறுவதில்லை. வகுப்பறையில் உள்ள இருவருமே விடை அறியாத ஒரு வினாவுக்கு இவ்வமைப்பில் இடமுண்டா? ஐயவினாவில் மட்டுமே அது ஓரளவு சாத்தியம். மங்கிய ஒளியில் தொலைவிலே தெரிவது மரக்கட்டையா மனிதனா என மயங்கி நிற்பவன் கேட்பது அவ்வினா. அதற்குக் காட்டப்படும் உதாரணம் வகுப்பறைக்கு வெளியே, அந்திப் பொழுதில், வெட்டவெளியில் அமைந்திருப்பது மனங்கொள்ளத்தக்கது.

நன்னூலை முற்றாக மறுப்பதற்காக இதனைக் கூறவில்லை. மாணவன் ஓவியப் பாவைபோல் அசையாது இருந்து கேட்கவேண்டும் என விதித்த அதே நூல், ஆசிரியர் கூறியதைக் குறைவறக் கொண்டாலும் கிடைப்பது காற்பங்கே எனவும், உடன் கற்போருடன் பயில்வதால் இன்னொரு காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் வந்து சேரும் எனவும் கணக்கிட்டுள்ளது. நமது வகுப்பறைகள் முதல் விதியை இறுகப் பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டன.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்து நோக்குவோம். தட்டில் நீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுதிரியை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடிச் சாடியொன்றைக் கவிழ்க்கும் பரிசோதனை பல நாடுகளின் பாடசாலை நூல்களிற் பல தலைமுறைகளாக இடம்பெற்று வந்துள்ளது. சுடர் அணைகிறது; சாடியினுள் நீர் உயர்கிறது. எரிதலுக்கு ஒட்சிசன் பயன்பட்டுவிட்டதால் வளியில் அதன் பங்காகிய ஐந்திலொன்றை நீர் நிரப்பியது என்பது வழமையாகச் சேர்க்கப்படும் முடிவு. வளியில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 வீதம் என்பது சரி. ஆனால் இப்பரிசோதனை அதை நிறுவவில்லை. சாடியிலுள்ள ஒட்சிசனில் பெரும்பகுதி எஞ்சியிருக்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது. சாடியைக் கவிழ்க்கையில் சுடரின் வெப்பத்தால் விரிந்த வளியே உள்ளே அடைபடுகிறது. சிலவேளை விளிம்பின் கீழாகக் குமிழிகள் வெளியேறுவதையும் காணலாம். சுடர் அணைந்ததும் உள்ளிருக்கும் வாயு குளிர்ந்து சுருங்க, வெளிவளியின் அமுக்கம் நீரை மேலே தள்ளுகிறது. எரிதலின்போது தோன்றிய நீராவி ஒடுங்குவதும் இதற்குத் துணைபோகிறது. ஒட்சிசன் குறைவதன் பங்கு இவற்றிற் சிறியதே. இதனை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை, கண் போதும். ஒட்சிசன் செலவாவதே முழுக் காரணமாயின், சுடர் எரிந்துகொண்டிருக்கும் வேளையில் நீர் சீராக உயரவேண்டும். அது அவ்வாறு உயர்வதில்லை. சுடர் அணையும் தறுவாயிலும் அணைந்த பின்னருமே விரைந்து ஏறுகிறது. ஒரு திரிக்குப் பதிலாக மூன்றை நிறுத்தினால் நீர் மேலும் உயர்கிறது. வளியிலுள்ள ஒட்சிசனின் வீதம் திரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூடாதல்லவா? (ஈரமான இரும்புத் தும்பு துருப்பிடிக்கும்போது நீர் ஐந்திலொரு பங்கை நெருங்கி உயர்வது வேறு விடயம். அது நாட்கணக்கில் மெதுவாக நிகழ்வது. அங்கு வெப்பத்தின் குழப்பமில்லை.)

நான் கற்ற வகுப்பில் எமது குழு அளந்தபோது நீர் ஏறத்தாழ எட்டிலொரு பங்கே உயர்ந்திருந்தது. பக்கத்துக் குழுவுக்குக் கால்வாசியை அண்மித்தது. இரு குழுவினரும் கொப்பியில் எழுதியது ஐந்திலொன்று. எவரும் எம்மை ஏமாற்றும்படி சொல்லவில்லை. அவ்வாறுதான் எழுதவேண்டும் என்பது எமக்குத் தெரிந்திருந்தது. அன்று அந்த மேசைகளில் உண்மையானதோர் ஐயவினா உயிருடன் இருந்தது: இரு குழுக்களுக்கும் ஏன் வெவ்வேறு அளவு? பாடநூல் கேட்டதோ அறிவினா. விடை ஏற்கெனவே அச்சிலிருந்தமையால் கண்ணால் கண்டது பிழையாயிற்று.

பரிசோதனைக் குறிப்பின் உரைநடையும் இதே வகையில் ஆராயப்பட வேண்டியது. நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அவதானம், முடிவு என்ற ஐந்து தலைப்புகள். முகவையில் நீர் எடுக்கப்பட்டது, வெப்பமேற்றப்பட்டது, நிறமாற்றம் அவதானிக்கப்பட்டது. எல்லாம் செயப்பாட்டுவினை. யார் எடுத்தார், யார் கண்டார் என்பது வாக்கியத்தில் இல்லை. விஞ்ஞான நடைக்குப் புறவயத்தன்மை அவசியம் என்று இதற்கு நியாயம் கூறப்படுவதுண்டு. எழுவாய் மறைவதனால் புறவயத்தன்மை வந்துவிடுவதில்லை. பொறுப்பு மறைகிறது, அவ்வளவே. ‘நாங்கள் அளந்தோம், எட்டிலொன்று வந்தது’ என்று எழுதும் பிள்ளை தன் அளவைக்குத் தானே பொறுப்பேற்கிறது; எவரேனும் கேட்டால் மீண்டும் அளந்து காட்டவேண்டும். ‘ஐந்திலொரு பங்கு உயர்ந்தமை அவதானிக்கப்பட்டது’ என எழுதும் பிள்ளைக்கு அந்தக் கடப்பாடு இல்லை. உழைத்தவனின் கை உற்பத்திப் பொருளில் தெரியாது போவது பற்றி மார்க்சியர்கள் நிறையவே எழுதியிருக்கிறோம். அதன் மிகச் சிறிய வடிவமொன்று ஆறாம் வகுப்புப் பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பியில் கிடக்கிறது.

இவ்வுரைநடைக்கு ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் அச்சுயந்திரமும் பாடசாலையும் இணைந்து உருவாக்கிய முதன்மையான நூல்வடிவங்களுள் வினாவிடை ஒன்று. கிறித்தவ ஞானோபதேசத்தின் வடிவம் அது. ஆறுமுக நாவலர் அதன் ஆற்றலை உணர்ந்து சைவ வினாவிடையை ஆக்கினார். எதிராளியின் ஆயுதத்தைக் கைக்கொண்டார் என இதனைப் பலர் வியந்து எழுதியுள்ளனர். ஆனால் ஆயுதம் கைமாறியபோது அதன் அமைப்பு மாறவில்லை. வினாவிடையில் வினாவைக் கேட்பவனுக்கும் விடையைச் சொல்பவனுக்கும் பெயரில்லை, வயதில்லை, மறுப்பில்லை. ஒரு விடைக்குப் பின் ‘அது எவ்வாறு பொருந்தும்?’ என்ற இடைமறிப்பு வருவதில்லை. அடுத்த வினாவே வருகிறது. சமயக் கோட்பாட்டைப் புகட்டுவதற்கு இது ஏற்ற வடிவமாக இருக்கலாம். நாவலர் பிறந்த அதே 1822இல் பிறந்த சாமுவேல் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்கள் வழியாக நவீன விஞ்ஞானத்தைத் தமிழ் உரைநடைக்குள் கொண்டுவந்தவர். அவரது பணியின் பெருமை குறையாது. எனினும் பின்வந்த காலத்தில் அந்த விஞ்ஞானம் பாடசாலைக்குள் நுழைந்தபோது, அதற்காகக் காத்திருந்த இருக்கை வினாவிடையின் இருக்கையே. சுயமொழிக் கல்வி வந்து, அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டு, கலைச்சொற்கள் நிறைந்த பின்னரும் அந்நிலை மாறவில்லை. நாம் சொற்களுக்காகப் போராடினோம், வாக்கியத்தைக் கவனிக்கவில்லை.

விஞ்ஞான உரைநடைக்கு வேறு வடிவங்கள் இருந்திருக்கின்றன. கலிலியோ 1632இல் தமது நூலை லத்தீனில் எழுதாது இத்தாலிய மொழியில், மூவர் உரையாடலாக எழுதினார். அங்கு எதிர்க்கருத்துக்கு ஒரு வாய் இருந்தது. இங்கிலாந்தில் ஜேன் மார்செற் தமது பெயரை வெளியிடாது எழுதி 1806 என்ற ஆண்டுடன் வெளிவந்த இரசாயன உரையாடல்களில் இரண்டு சிறுமியர் ஆசிரியையைக் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கின்றனர். ஒருத்திக்கு இரசாயனத்தில் நம்பிக்கையே குறைவு. புத்தகம் கட்டும் தொழில் பழகிக்கொண்டிருந்த கொல்லன் மகன் ஒருவனுக்கு அந்நூலே இரசாயனத்தின் வாயிலாயிற்று. அவனே மைக்கேல் பரடே. பின்னாளில் மெழுகுதிரியை மட்டும் பொருளாகக் கொண்டு பிள்ளைகளுக்கு விரிவுரைத் தொடர் நிகழ்த்தியவரும் அவரே.

மார்க்சியரின் சொந்த வரலாற்றிலும் இவ்வடிவப் பிரச்சினை தோன்றியதுண்டு. கம்யூனிஸ்ட் கழகத்துக்கான கொள்கை அறிக்கையை எங்கெல்ஸ் முதலில் வினாவிடையாகவே வரைந்தார். 1847 நவம்பரில் மார்க்சுக்கு எழுதிய கடிதத்தில், வரலாற்றைச் சொல்லவேண்டியிருப்பதால் வினாவிடை வடிவம் பொருந்தாது, அதைக் கைவிடுவோம் என்றார். அறிக்கை பிறந்தது. வினாவிடையில் இயக்கத்துக்கு இடமில்லை என்பதை அவர் எழுதும்போதே கண்டுகொண்டார். இதை அறிந்த இயக்கத்தினரே பின்னர் பல மொழிகளில் மார்க்சிய வினாவிடைகளை அச்சிட்டு விநியோகித்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ‘விஞ்ஞானபூர்வமான’ என்ற அடைமொழியை நமது முற்போக்கு விமர்சனம் வாதத்தை முடித்துவைக்கும் முத்திரையாகப் பயன்படுத்திய காலமும் உண்டு. பாடநூலாசிரியரை மட்டும் குறைகூற நமக்கு உரிமையில்லை.

தேடல்வழிக் கற்றலின் மேனாட்டு வரலாற்றை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் ஆம்ஸ்றோங் வற்புறுத்திய கண்டறிமுறை, 1956இல் அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் தொடங்கிய பௌதிகப் பாடத்திட்டம், 1957இல் சோவியத்தின் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியபின் 1958இல் நிறைவேறிய, பெயரிலேயே ‘தேசியப் பாதுகாப்பு’ என்ற சொல்லைத் தாங்கிய கல்விச் சட்டம், 1960களில் இங்கிலாந்தின் நபீல்ட் திட்டம், இவ்வளவும் போதும். நபீல்ட் திட்டத்தின் முதற் பாடநெறிகள் தெரிவுசெய்யப்பட்ட இலக்கணப் பாடசாலைகளின் மாணவரை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டவை. பிள்ளையின் ஆவலைப் பற்றி மட்டுமே பேசிய இவ்வியக்கங்களின் பின்னணியில் யாருடைய பிள்ளை, யாருடைய தேவைக்காக என்ற கேள்விகள் இருந்தன. சிக்காகோவின் ஜோசப் ஷ்வாப் 1960களின் தொடக்கத்தில் முன்வைத்த விமர்சனம் மட்டும் இலக்கிய மாணவருக்குத் தனியான கவனத்துக்குரியது. பாடநூல் விஞ்ஞானத்தை, முடிபுகளை மாத்திரமே அடுக்கிக்காட்டும் ஒருவகைச் சொல்வன்மையாக மாற்றிவிட்டது என்றார் அவர். பிரச்சினை சொல்வன்மையைச் சார்ந்தது என ஒரு கல்வியியலாளர் கூறிய பின்னரும் நாம் வாளாவிருந்தோம்.

வினாவின் வகையையே மாற்றமுனைந்த முயற்சியொன்று நமக்கு அண்மையில், மத்தியப் பிரதேசத்தில் நடைபெற்றது. இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972இல் பதினாறு நடுநிலைப் பாடசாலைகளில் அது தொடங்கிற்று. உயிர்இரசாயன ஆய்வாளரான அனில் சத்கோபால் முதலியோர் அமைத்த கிஷோர் பாரதியும், ரசூலியாவிலிருந்த நட்புறவுக் கிராமிய நிலையமும் இதனை முன்னின்று நடத்தின. டில்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் பிறரும் விடுமுறைகளில் வந்து கிராமிய ஆசிரியர்களுடன் தங்கிப் பணியாற்றினர். 1978இல் திட்டம் மாவட்டத்தின் நடுநிலைப் பாடசாலைகள் அனைத்துக்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலைவியா நிறுவனம் அதனைப் பொறுப்பேற்றது. பணக்காரத் தனியார் பாடசாலைகளை விடுத்து, அரசாங்கத்தின் சாதாரணக் கிராமப் பாடசாலைகளையே இது களமாகக் கொண்டது என்பதுதான் மேனாட்டு முன்னோடிகளிலிருந்து இதனை வேறுபடுத்துகிறது. கூறாய்வு ஊசிக்குக் கருவேல முள் பயன்பட்டது. துவிச்சக்கரவண்டி வால்வுக் குழாயும் தீக்குச்சியும் வடிவங்களைக் கட்டும் பொருட்களாயின. 1978இல் அங்கு வந்த பொறியியலாளர் அரவிந்த் குப்தாவின் பிற்காலப் புகழ் அந்தத் தீக்குச்சிகளிலிருந்து தொடங்கியது.

ஆனால் கருவிகளின் எளிமையைப் புகழ்வதோடு நின்றுவிடுவோர் முக்கியமானதைத் தவறவிடுவர். ‘பால் வைஞ்ஞானிக்’ என்ற அதன் பாடநூலில் விடைகள் இல்லை. செய்யவேண்டியதும், கவனிக்கவேண்டியதும், அதன்மேல் எழும் வினாக்களும் உள்ளன. வரைவிலக்கணம் பாடத்தின் தலையில் நிற்பதில்லை. வகுப்பு பேசி முடிந்தபின் பிள்ளைகள் தமது சொற்களில் எழுதுவதற்காகக் காத்திருக்கிறது. ஒரே பொருளைப் பலர் அளக்கும்போது அளவைகள் ஏன் கூடிக்குறைகின்றன என்பதே ஆய்வுப்பொருளாகிறது. எமது எட்டிலொன்றும் கால்வாசியும் அந்நூலில் ஒரு பாடமாகியிருக்கும். வினா வந்தால் எழுதி அனுப்புவதற்கு ஒரு கற்பனைப் பாத்திரத்தையும் படைத்தனர், பெயர் சவாலிராம். பிள்ளைகளின் கடிதங்கள் அவருக்கு வந்தன, பதில்கள் சென்றன. இந்தியில் ‘சவால்’ என்றால் கேள்வி. அதே சொல் தமிழுக்கு வந்தபோது அறைகூவல் என்ற பொருளைப் பெற்றுவிட்டது. கேள்வி கேட்பதை அறைகூவலாகவே கொள்ளும் வகுப்பறைகளில் வளர்ந்தோருக்கு இப்பொருள்மாற்றம் வியப்பளிக்காது.

இவையெல்லாவற்றையும் விடத் துணிவான செயல், பரீட்சையில் கைவைத்தமை. பாடநூலைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதும் எழுத்துப் பரீட்சையும் தனியானதொரு செய்முறைப் பரீட்சையும் ஏற்படுத்தப்பட்டன. பாடசாலை ஆசிரியர்களே நூலாக்கத்திலும் வினாத்தாள் ஆக்கத்திலும் பங்குகொண்டனர். நூலைத் திறந்து பார்த்தாலும் விடை கிடைக்காத வினாவைக் கேட்கத் தெரிந்தவரே அத்தாளை ஆக்கமுடியும். நூலிலும் பரீட்சையிலும் அறிவினா ஒருங்கே ஆட்சியிழந்தபோதுதான் வகுப்பறையில் வேறுவகை வினாக்கள் பேசத்தொடங்கின. உச்சநிலையில் பல மாவட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் பாடசாலைகளை இத்திட்டம் எட்டியது. முப்பதாண்டு நடந்தபின், 2002இல் மாநில அரசு இதனை நிறுத்தியது. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எழுப்பிய எதிர்ப்பு பயன்தரவில்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தனியான பாடநூல் ஏன், அவர்கள் மற்றையோருடன் போட்டியிடும்போது பின்தங்கமாட்டார்களா என்ற குரல், சமத்துவத்தின் பெயராலேயே எழுந்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி.

அக்குரலை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. இடதுசாரிச் சிந்தனைக்குள்ளேயே அதற்குக் கனதியான வேர் உண்டு. இத்தாலியில் 1923இல் ஜென்ரிலே கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தத்தை முசோலினியின் சிறையிலிருந்து விமர்சித்த கிராம்ஷி, ‘செயலூக்கப் பாடசாலை’ என்ற பெயரால் படிப்பின் கடுமை தளர்த்தப்படுவதை ஐயத்துடனேயே நோக்கினார். படித்த குடும்பத்துப் பிள்ளை வீட்டுச் சூழலிலேயே பலவற்றைப் பெற்றுக்கொண்டு வருகிறது. உழைப்பாளியின் பிள்ளைக்கு நெடுநேரம் இருந்து படிப்பதே பழகவேண்டிய ஓர் உழைப்பு. அந்தப் பயிற்சியைப் பாடசாலையும் தராவிட்டால் அதனைத் தருவார் யார் என்பது அவர் வாதத்தின் சாரம். வெளித்தோற்றத்தில் சனநாயகமானது வேற்றுமைகளை நிலைநிறுத்தக்கூடும். இன்றைய உளவியலாளருள்ளும் வழிகாட்டல் குறைந்த கற்பித்தலை எதிர்ப்போர் உளர்.

கிராம்ஷியின் எச்சரிக்கை, வழிகாட்டலும் ஒழுங்குமற்ற விளையாட்டாகத் தேடலைக் கொள்வோருக்குப் பொருந்தும். ஹோஷங்காபாத்துக்குப் பொருந்துமா என்பது ஐயமே. ஒரே நீளத்தைப் பலமுறை அளந்து, அளவைகளைப் பதிந்து, வரைபாக்கி, ஏன் வேறுபட்டதென வாதிடுவது, ஒரு வரைவிலக்கணத்தை மனனம் செய்வதிலும் கடுமையான உழைப்பு. கிராம்ஷி கோரிய கடுமை அங்கே இருந்தது. இல்லாதிருந்தது விடையின் முன்னுடைமை மட்டுமே.

இவ்விடத்தில் நமது நாட்டுக்கு வருவோம். ஹோஷங்காபாத் முயற்சி தொடங்கிய அதே 1972இல் இலங்கையிலும் பெரியதொரு கல்விச் சீர்திருத்தம் அறிமுகமாயிற்று. கனிஷ்ட இடைநிலை வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றிணைந்த விஞ்ஞானம் கட்டாய பாடமாயிற்று. விஞ்ஞானத்தைச் சிலரின் உடைமையாக அன்றி அனைவரதும் கல்வியாக்கிய இம்மாற்றத்தின் முற்போக்கான உள்ளடக்கம் மறுக்கமுடியாதது. 1971 கிளர்ச்சியின் பின் படித்த, வேலையற்ற இளைஞரைப் பற்றிய அரசின் அச்சமும் அதனுடன் கலந்திருந்தது. ஆனால் தமிழ்ப் பிரதேசங்களில் அவ்வாண்டுகள் நினைவுகூரப்படுவது வேறொரு சொல்லால்: தரப்படுத்தல். பல்கலைக்கழக மருத்துவ, பொறியியற் பீடங்களுக்கான அனுமதியிற் புள்ளிகள் மொழிவாரியாகவும் பின்னர் மாவட்டவாரியாகவும் கணிக்கப்படத் தொடங்கியதும், விஞ்ஞான வினாத்தாளின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் இனத்தின் எதிர்காலத்தோடு இணைத்துப் பார்க்கப்படலாயிற்று. அது அநீதியாக உணரப்பட்டதற்குப் போதிய நியாயம் இருந்தது. அதன் அரசியல் விளைவுகள் நாம் அறிந்தவை. கல்விசார் விளைவொன்று மட்டும் அதிகம் பேசப்படவில்லை. புள்ளி உரிமைப் பிரச்சினையாகியபோது, புள்ளியைத் தரும் விடை புனிதமாயிற்று. எட்டிலொன்று கண்ட பிள்ளை அதை எழுதுவது, தனக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் ஊருக்கும் செய்யும் துரோகம் போலாயிற்று. தனியார் கல்வி நிலையங்களின் பெருக்கத்தை வணிக நோக்கு ஒன்றினால் மட்டும் விளக்க முடியாது. அவை ஒரு சமூகத்தின் அச்சத்தையும் முதலீடாகக் கொண்டவை. கடந்தகால வினாத்தாள்களும் அவற்றுக்கான விடைகளும் அச்சாகி விற்பனையாவதைக் காண்கையில், வினாவிடை நூலின் பழைய மரபு அறுபடாதிருப்பதை உணரலாம்.

1977 ஆட்சி மாற்றத்தின் பின் முந்திய சீர்திருத்தத்தின் பரீட்சை முறை கைவிடப்பட்டுச் சாதாரண தரம் மீண்டது. 2007இல் தொடங்கிய தேர்ச்சிமையக் கலைத்திட்டம் ஐந்து ‘ஈ’ மாதிரியை அறிமுகஞ்செய்தது: ஈடுபடுதல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்குதல், மதிப்பிடுதல். நோக்கம் நல்லது. ஆசிரியர்க்கான அறிவுரைப்பைக் கையிலெடுத்து ஒரு பிரதியாக வாசிக்கும்போது பிரச்சினை தெளிவாகிறது. கலந்துரையாடலை நடத்துமாறு ஆசிரியரிடம் கூறப்படுகிறது. அக்கலந்துரையாடலிலிருந்து வெளிப்படவேண்டிய கருத்துகள் அதன் கீழேயே நிரலிடப்பட்டுள்ளன. முடிவு அச்சான பின் உரையாடல் தொடங்குகிறது. ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. குறித்த நேரத்தில் அக்கருத்துகள் ‘வெளிப்படாவிடின்’ அவரே வெளிப்படுத்துவதன்றி வேறு வழியில்லை. இறுதியில் அவருடைய மாணவர் எழுதப்போகும் சாதாரண தர விஞ்ஞானப் பரீட்சையில் செய்முறைப் பரீட்சை இல்லை. பல்தேர்வு வினாவுக்குச் சரியான விடை ஒன்றே. ஐந்து ‘ஈ’க்களும் பழைய ஐந்து தலைப்புகளின் இடத்தில் வந்தமர்ந்தன. ஹோஷங்காபாத்தில் நூல், பரீட்சை, ஆசிரியர் பங்கு ஆகிய மூன்றும் ஒருசேர மாறின. இங்கு முறையின் பெயர் மாறியது.

பரீட்சையை மாற்றும் அதிகாரம் நமது கையில் இல்லை என்பது உண்மை. பாடநூலின் பக்கம் ஓரளவுக்கேனும் எழுதுவோரின் கையில் உள்ளது. நூலாக்கக் குழுக்களில் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினர் மொழிப் பதிப்பாசிரியராகப் பங்குகொள்வதும் வழமையே. சந்தியும் எழுத்துப்பிழையும் பார்ப்பதோடு அப்பணி முடிந்துவிடவேண்டியதில்லை. மெழுகுதிரிப் பரிசோதனையின் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். படத்தின் கீழ் முடிவை அச்சிடுவதற்குப் பதிலாக, நான்கு குழுக்கள் உண்மையில் அளந்த நான்கு வெவ்வேறு அளவைகளை அச்சிடலாம். ஒரு குழு இரண்டு திரிகளைப் பயன்படுத்தியதையும், இன்னொன்று குமிழி வெளியேறியதைக் கண்டதையும் அக்குழுக்களின் சொற்களிலேயே, எழுவாயுடன், ‘நாங்கள் கண்டோம்’ என்று பதியலாம். நீர் எப்போது உயரத் தொடங்கியது என்ற வினா அதன் கீழே வரட்டும். அடுத்த பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும்.